துபாய் கணக்கும் தேனி வரியும்: வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரிபார்ப்பது எப்படி?

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், கூடலூர், போடி என்று எங்கள் பள்ளத்தாக்கில் எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், வெளிநாட்டில் ஒரு பிள்ளை வேலை பார்க்கும் வீடுகள் பல உண்டு. துபாய், சவுதி, குவைத், சிங்கப்பூர், மலேசியா என்று போனவர்கள் அங்கே ஒரு வங்கிக் கணக்கு வைத்திருப்பார்கள். இங்கே ஒன்றோ இரண்டோ இருக்கும். தேனியில் கம்ப்யூட்டர் தொழிலில் இருப்பதால் பாரம் நிரப்பவும் பிரிண்ட் எடுக்கவும் இவர்கள் என்னிடம் வருவதுண்டு. வந்தால் ஒரு கேள்வியும் கூடவே வரும்.

"அண்ணே, அங்க இருக்கிற கணக்க இங்க காட்டணுமா, வேணாமா?"

இதற்கு மூன்று பேரிடம் கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். "காட்டவே தேவையில்லை" என்பார் ஒருவர். "காட்டாவிட்டால் ஜெயில்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு தீவின் பெயரைச் சொல்லி, அங்கே கணக்கு ஆரம்பித்தால் வரியே கிடையாது என்பார். இதில் முதல் இரண்டு பதில்களும் ஏதோ ஓர் ஆளுக்கு, ஏதோ ஓர் ஆண்டுக்குச் சரியாக இருக்கலாம். உங்களுக்கு, இந்த ஆண்டுக்கு எது சரி என்பது, நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தக் கணக்கைப் போட ஆடிட்டர் தேவையில்லை. பாஸ்போர்ட்டும் எக்செலும் போதும். அதன் பிறகு ஆலோசனை கேட்டால், சொல்பவர் சரியாகச் சொல்கிறாரா என்று உங்களுக்கே தெரியும்.

வெளிநாட்டுக் கணக்கு குற்றமா?

இல்லை. இதை முதலில் மனதில் பதித்துக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்துச் சேர்த்த பணம், அங்கே வாங்கிய வீடு, பங்குகள் ஆகியவற்றை, ஊர் திரும்பிய பிறகும் அப்படியே வைத்துக் கொள்ள அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் அனுமதிக்கிறது. 1999ல் இயற்றப்பட்டு 2000 ஜூன் 1 முதல் அமலில் உள்ள இச்சட்டத்தைத்தான் சுருக்கமாக "ஃபெமா" என்கிறோம்.

குற்றமாவது மறைப்பதுதான். வெளிநாட்டில் மறைத்து வைத்த வருமானம், சொத்துகளுக்கென்றே 2015ல் கறுப்புப் பணச் சட்டம் தனியாக வந்தது. இதில் மறைத்த சொத்தின் மதிப்புக்கு 30 சதவீத வரி. அந்த வரியைப் போல மூன்று மடங்கு அபராதம். கூட்டிப் பார்த்தால் 120 சதவீதம், அதாவது சொத்தின் மதிப்பையே தாண்டிவிடும். கணக்கில் உள்ள பணம் நியாயமாகச் சம்பாதித்ததாகவே இருந்தாலும், காட்ட வேண்டிய ஆண்டில் ரிட்டர்னில் காட்டாமல் விட்டதற்கு மட்டும் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க வழி இருக்கிறது. நிலம், வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த 10 லட்சம் அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டது. அபராதம்தான் இல்லையே தவிர, காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

"துபாய் கணக்கு இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர்களுக்கு: வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் ஆண்டுதோறும் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பிக் கொள்ளும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2017ல் இதில் தகவல் பரிமாற்றத்தைத் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகமும் சிங்கப்பூரும் 2018ல் தொடங்கின. ரகசியத்துக்குப் பெயர்போன சுவிட்சர்லாந்திலிருந்தே 2019 செப்டம்பரில் முதல் தொகுதி விவரங்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. நீங்கள் எந்த நாட்டில் வரி செலுத்தும் குடியிருப்பாளர் என்று வங்கி உங்களிடமே ஒரு படிவத்தில் எழுதி வாங்குகிறது. அதன்படி அந்த நாட்டுக்குத் தகவல் போகிறது.

2024 நவம்பரில் வருமான வரித் துறை இப்படி வந்த தகவல்களை வைத்து, சம்பந்தப்பட்டவர்களுக்கு எஸ்.எம்.எஸ். மற்றும் மின்னஞ்சல் அனுப்பி நினைவூட்டியது. அதன்பின் 24,678 பேர் தங்கள் ரிட்டர்னை மறுபடி சரிபார்த்தார்கள். 5,483 பேர் தாமத ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள். இவ்வாறு கணக்கில் வந்த வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி ரூபாய் என்று துறை அறிவித்தது. ஆகவே "யாருக்குத் தெரியப் போகிறது" என்ற காலம் முடிந்துவிட்டது.

இரண்டு சட்டம், இரண்டு அளவுகோல்

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இதுதான். "என்.ஆர்.ஐ." என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு அர்த்தத்தில் பயன்படுத்துகிறோம்.

ஃபெமா பார்ப்பது பெரும்பாலும் நோக்கத்தை. வேலைக்கென்று நாட்டை விட்டுப் போனால் அன்று முதலே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். இனி ஊரோடுதான் என்று திரும்பி வந்துவிட்டால் அன்று முதல் உள்நாட்டவர். வங்கியில் என்ன வகைக் கணக்கு வைத்திருக்கலாம், என்ன நிலம் வாங்கலாம் என்பதற்கெல்லாம் இதுதான் அளவுகோல்.

வருமான வரிச் சட்டம் பார்ப்பது நாட்களை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள் என்று எண்ணி, அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் உங்கள் நிலையைச் சொல்கிறது. அடுத்த ஆண்டு புதிதாக எண்ண வேண்டும்.

விதிகளைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் குடியிருப்பாளர்.

2. 60 நாளோ அதற்கு மேலோ இருந்து, அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளோ அதற்கு மேலோ இருந்தாலும் குடியிருப்பாளர். ஆனால் வேலைக்காக வெளிநாடு கிளம்பும் ஆண்டிலும், வெளிநாட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு மட்டும் வந்து போகும் ஆண்டுகளிலும் இந்தியக் குடிமக்களுக்கு 60க்குப் பதில் 182 நாள் என்று வைத்துக் கொள்ள வேண்டும்.

3. விடுமுறைக்கு வருபவரின் இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 182 என்பது 120 ஆகக் குறையும். இது 2020-21 நிதியாண்டு முதல் உள்ள மாற்றம்.

4. குடியிருப்பாளர் ஆகிவிட்டாலும், முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டவராக இருந்தவர், அல்லது முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இல்லாதவர், "சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவர்" என்ற நடுநிலை வகையில் வருவார். ஊர் திரும்பியவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் இது.

வெளிநாட்டவர், நடுநிலை ஆகிய இரண்டு வகையினருக்கும் வெளிநாட்டிலேயே ஈட்டிய சம்பளம், அங்குள்ள வங்கி வட்டி போன்றவற்றுக்கு இங்கே வரி இல்லை. வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பவும் வேண்டியதில்லை. முழுக் குடியிருப்பாளர் ஆன ஆண்டு முதல் இரண்டும் உண்டு.

எக்செலில் நாள் கணக்கு

பழைய பாஸ்போர்ட்டுகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கொள்ளுங்கள். குறைந்தது கடந்த 10 ஆண்டுக் கணக்கு வேண்டும். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் கால்க் தொகுப்பிலும் இதைச் செய்யலாம். கீழே சொல்லும் எழுத்துகளை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

1. முதல் வரிசையில் தலைப்புகள் கொடுங்கள். ஏ காலத்தில் "வந்த நாள்", பி காலத்தில் "கிளம்பிய நாள்", சி காலத்தில் "நாட்கள்", டி காலத்தில் "ஆண்டு", ஈ காலத்தில் "ஆதாரம்".

2. ஒவ்வொரு முறை இந்தியா வந்து போனதற்கும் ஒரு வரிசை. வந்த நாளையும் கிளம்பிய நாளையும் சேர்த்தே எண்ணிவிடுவது பாதுகாப்பானது. எனவே சி2 செல்லில் =பி2-ஏ2+1 என்று கொடுத்து, கீழே இழுத்து விடுங்கள்.

3. மார்ச் 31ஐத் தாண்டும் விடுமுறையை இரண்டு வரிசையாக உடையுங்கள். உதாரணமாக 2025 மார்ச் 20 வந்து ஏப்ரல் 15 கிளம்பினால், மார்ச் 20 முதல் 31 வரை ஒரு வரிசை (12 நாள்), ஏப்ரல் 1 முதல் 15 வரை இன்னொரு வரிசை (15 நாள்).

4. டி காலத்தில் நிதியாண்டு முடியும் ஆண்டை மட்டும் எண்ணாகக் கொடுங்கள். 2024-25 என்றால் 2025. "2011-12" என்ற மாதிரி டைப் செய்தால் எக்செல் அதை 2011 டிசம்பர் என்று தேதியாக மாற்றிவிடும்.

5. ஒவ்வோர் ஆண்டின் மொத்தத்தையும் பெற, டி காலத்தில் அந்த ஆண்டு எண் உள்ள வரிசைகளின் நாட்களை மட்டும் கூட்டித் தரும் சம்இஃப் ஃபார்முலாவைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு இடங்களில் எக்செல் நம்மை ஏமாற்றும். சி காலத்தில் 57 என்று வர வேண்டிய இடத்தில் 26-02-1900 என்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல் தேதி வடிவில் இருக்கிறது, அவ்வளவுதான். ஃபார்மட் செல்ஸ் சென்று ஜெனரல் என்று மாற்றினால் 57 வந்துவிடும். அடுத்தது இன்னும் ஆபத்தானது. கம்ப்யூட்டரின் ரீஜனல் செட்டிங் அமெரிக்க முறையில் இருந்தால், 05/07/2024 என்று நீங்கள் கொடுக்கும் ஜூலை 5ஐ அது மே 7 என்று எடுத்துக் கொள்ளும். கணக்கு தப்பாகும், ஆனால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எனவே தேதியை 5-ஜூலை-2024 என்ற மாதிரி மாதப் பெயரோடு ஆங்கிலத்தில் கொடுங்கள்.

சில விமான நிலையங்களில் ஸ்மார்ட் கேட் வழியாகப் போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. அந்தப் பயணங்களுக்கு டிக்கெட், போர்டிங் பாஸ், அல்லது விமான நிறுவனத்தின் மின்னஞ்சல் ஆகியவற்றைத் தேடி எடுத்து ஒரே போல்டரில் சேமியுங்கள். ஈ காலத்தில் அந்த பைலின் பெயரைக் குறித்து வையுங்கள். கொரோனா காலத்தில் ஊரில் மாட்டிக் கொண்டவர்களுக்கு 2020, 2021 வரிசைகளில் நாட்கள் கூடுதலாக வரும். அந்த இரண்டு வரிசைகளையும் ஒரு நிறம் கொடுத்து வைத்து ஆடிட்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஓர் உதாரணம்

20 வருடம் துபாயில் இருந்த ஒருவர், ஆண்டுக்கு 60 நாள் விடுமுறையில் வந்து போனவர், 2024 செப்டம்பர் 15 அன்று வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார் என்று வைத்துக் கொள்வோம். துபாய் கணக்கில் பணம் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

2024-25: செப்டம்பர் 15 முதல் மார்ச் 31 வரை 198 நாள். 182ஐத் தாண்டிவிட்டதால் குடியிருப்பாளர். ஆனால் முந்தைய 7 ஆண்டுகளில் 7 பெருக்கல் 60, அதாவது 420 நாள்தான். எனவே நடுநிலை.

2025-26: ஆண்டு முழுவதும் ஊரில்தான். முந்தைய 7 ஆண்டுகளில் 6 பெருக்கல் 60 என 360, அத்துடன் 198. மொத்தம் 558. இப்போதும் 729க்குள்தான். எனவே நடுநிலை.

2026-27: முந்தைய 7 ஆண்டுகளில் 5 பெருக்கல் 60 என 300, அத்துடன் 198, அத்துடன் 365. மொத்தம் 863. 729ஐத் தாண்டிவிட்டது. முந்தைய 10 ஆண்டுகளில் அவர் வெளிநாட்டவராக இருந்தது 8 ஆண்டுதான். எனவே முழுக் குடியிருப்பாளர்.

ஆக, 2026 ஏப்ரல் 1 முதல் அந்தத் துபாய் கணக்கின் வட்டிக்கு இங்கே வரி உண்டு. அந்த ஆண்டு ரிட்டர்னில் கணக்கையும் காட்ட வேண்டும். திரும்பி வந்த புதிதில் விசாரித்தபோது "காட்ட வேண்டாம்" என்று ஆடிட்டர் சொன்னது சரிதான். மூன்றாம் ஆண்டும் அதே பதிலை நம்பிக்கொண்டு இருந்தால்தான் மாட்டிக் கொள்வார். நல்ல மனிதர்கள் பலர் சிக்கலில் விழும் இடம் இதுதான்.

கவனிக்க: வெளிநாட்டுச் சொத்து அட்டவணை நிதியாண்டுப்படி அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலண்டர் ஆண்டுப்படி நிரப்பப்படுகிறது. அந்த ஆண்டில் கணக்கில் இருந்த உச்சத் தொகை, இறுதி இருப்பு, வட்டி ஆகிய விவரங்கள் வேண்டும். இந்த அட்டவணை ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் கிடையாது, ஐ.டி.ஆர்.-2 அல்லது 3 படிவத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று. அங்குள்ள வங்கியின் ஓ.டி.பி. அந்த ஊர் செல்போன் எண்ணுக்குத்தான் போகும். சிம் கார்டு செயலிழந்தால் நெட் பேங்கிங்கில் நுழையவே முடியாது. விசா முடிந்து அடையாள அட்டை காலாவதியானாலும் கணக்குக்குக் கட்டுப்பாடு வரலாம். எனவே கிளம்புவதற்கு முன்பே எல்லா ஆண்டு ஸ்டேட்மெண்ட்டுகளையும் பி.டி.எஃப். ஆக டவுன்லோட் செய்து, பென் டிரைவ் ஒன்றிலும் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இரண்டு பிரதியாக வையுங்கள்.

இங்குள்ள வங்கியில் எந்தக் கணக்கு?

என்.ஆர்.இ.: வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை ரூபாயாக வைக்கும் கணக்கு. அசலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். வட்டிக்கு வரி இல்லை.

என்.ஆர்.ஓ.: வீட்டு வாடகை, பென்ஷன், விளைச்சல் பணம் போன்ற உள்நாட்டு வருமானத்துக்கானது. வட்டிக்கு வரி உண்டு. வங்கியே 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் பிடித்துவிடும். உங்கள் மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம். பலர் இதைச் செய்வதே இல்லை.

எஃப்.சி.என்.ஆர்.: டாலர், பவுண்டு போன்ற வெளிநாட்டு நாணயத்திலேயே 1 முதல் 5 ஆண்டு வரை வைக்கும் டெபாசிட்.

வெளிநாடு போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டிக் கொண்டிருப்பவர்கள் ஏராளம். அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

திரும்பி வந்தவர்கள் செய்ய வேண்டியதோ இதற்கு நேர் எதிர். மேலே சொன்ன இரண்டு அளவுகோல்களும் இங்கேதான் மோதுகின்றன. என்.ஆர்.இ. வட்டிக்கான விலக்கு ஃபெமா அளவுகோலைப் பிடித்துக் கொண்டு நிற்கிறது. ஊரோடு வந்துவிட்டால், வருமான வரிக் கணக்கில் நீங்கள் இன்னும் நடுநிலையாக இருந்தாலும், என்.ஆர்.இ. வட்டிக்கு விலக்கு போய்விடும். வங்கிக்குச் சொல்லாமல் இருந்தால் வங்கி வரி பிடிக்காது. அதனால் வரி இல்லை என்று ஆகிவிடாது. என்.ஆர்.இ. பணத்தை வெளிநாட்டு நாணயமாகவே வைத்திருக்க விரும்பினால், ஆர்.எஃப்.சி. என்ற கணக்குக்கு மாற்றலாம். எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை முதிர்வு வரை தொடரலாம். அதன் வட்டிக்கு நடுநிலை ஆண்டுகளில் வரி இல்லை.

திராட்சைத் தோட்டம் வாங்கலாமா?

எங்கள் பகுதிக்கே உரிய கேள்வி இது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல், பன்னீர் திராட்சைத் தோட்டம், தென்னந்தோப்பு, மெட்டு ஏறினால் ஏலத்தோட்டம் என்று வெளிநாட்டில் உழைப்பவர்களின் கனவு நிலத்தில்தான் வந்து முடியும். ஆனால் ஃபெமாப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. ஊரில் இருந்தபோதே வாங்கியதை வைத்துக் கொள்ளலாம். அப்பா வழியில் வாரிசாக வருவதற்கும் தடை இல்லை. தன் பணத்தைத் தந்தைக்கு அன்பளிப்பாக அனுப்பி, அவர் தனக்காக வாங்கினால் அது அவருடைய சொத்து. பெயருக்கு மட்டும் ஒருவரை வைத்து வாங்கினால் பினாமிச் சட்டத்தின் வாசலில் போய் நிற்க வேண்டி வரலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும்.

உண்டியலில் பணம் அனுப்புவது இன்னும் மோசம். ரேட் கொஞ்சம் கூடக் கிடைக்கும், வீட்டு வாசலிலேயே பணம் வரும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது சட்ட விரோதம். அனுப்பிய தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க ஃபெமாவில் இடம் உண்டு. அதைவிட முக்கியமாக, வங்கி வழியாக வராத பணத்துக்கு எந்தச் சான்றும் இல்லை. பத்து வருடம் கழித்து, "வீடு கட்டப் பணம் ஏது?" என்று ஒரு கடிதம் வந்தால், நியாயமாக உழைத்த பணம்தான் என்று நிரூபிக்க உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

தீவு நாட்டில் கம்பெனி ஆரம்பித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்களும் அப்படித்தான். 2016 ஏப்ரலில் வெளியான பனாமா ஆவணங்கள், அப்படிக் கம்பெனி அமைத்துக் கொடுத்த ஒரே ஒரு சட்ட நிறுவனத்தின் பைல்கள். மொத்தம் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள்! இங்கே வசிப்பவர் ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்பல் திட்டத்தின்படி, ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை சட்டப்படியே வெளியே அனுப்பலாம். வெளிப்படையாகச் செய்ய வழி இருக்கும்போது ஒளித்துச் செய்வதற்குக் கட்டணம் கேட்பவர் எதற்கு?

கேட்ட பதிலைச் சோதிப்பது எப்படி?

2020 பிப்ரவரி 1 அன்று தாக்கலான மத்திய பட்ஜெட்டில், எந்த நாட்டிலும் வரி கட்டாத இந்தியக் குடிமகனை இந்தியாவின் குடியிருப்பாளராகக் கருதுவோம் என்று ஒரு வரி இருந்தது. வளைகுடாவில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லையே! இனி துபாய் சம்பளத்துக்கெல்லாம் இங்கே வரி என்று செல்போன்களில் செய்தி பறந்தது. மறுநாளே, பிப்ரவரி 2 அன்று, வளைகுடாவில் உண்மையாக வேலை செய்பவர்களின் சம்பளத்துக்கு வரி விதிப்பது நோக்கமல்ல என்று அரசு விளக்கம் தந்தது. இறுதியில் சட்டமான விதி, இந்திய வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கு மட்டும்தான். அப்படியே அதில் வந்தாலும் நடுநிலை வகைதான். வதந்தியைப் படித்தவர் பலர். விளக்கத்தைத் தேடிப் படித்தவர் சிலர்.

2025 பட்ஜெட்டுக்குப் பிறகு இன்னொன்று சுற்றியது. "12 லட்சம் வரை வரியே இல்லை." குடியிருப்பாளருக்கு அது சரி. ஆனால் அது தள்ளுபடி மூலம் கிடைக்கும் சலுகை. அந்தத் தள்ளுபடி வெளிநாட்டவருக்குக் கிடையாது. இங்கே கடை வாடகை வாங்கும் துபாய்வாசி இதை நம்பி ரிட்டர்ன் போடாமல் விட்டால் நோட்டீஸ்தான் வரும்.

எனவே எந்தப் பதிலைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் தேதியில் சொன்னது? எந்த வகையினருக்குச் சொன்னது? எந்த விதியைக் காட்டுகிறது? 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும்படி 2025ல் புதிய வருமான வரிச் சட்டம் இயற்றப்பட்டது. நாள் கணக்கின் அடிப்படை மாறவில்லை. பிரிவு எண்கள் பலவும் மாறிவிட்டன. பழைய பதிலில் உள்ள எண்ணைக் கொண்டு புதிய சட்டத்தில் தேடினால் வேறு எதுவோ வரும்.

அசல் விதிகளைப் பார்க்க, வருமான வரித் துறையின் தளத்துக்கும் ரிசர்வ் வங்கியின் தளத்துக்கும் நேரடியாகப் போங்கள். ரிசர்வ் வங்கித் தளத்தில் "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்" பகுதியில் வெளிநாட்டில் வசிப்போர் கணக்குகள், நிலம் வாங்குதல் ஆகிய இரண்டுக்கும் தனித்தனிப் பக்கங்கள் உள்ளன. வரித் துறைத் தளத்தின் முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா என்று அட்ரஸ் பாரில் பாருங்கள். "ரீஃபண்ட் வந்துள்ளது, கிளிக் செய்க" என்று வரும் லிங்க் வழியாக ஒருபோதும் போகாதீர்கள்.

உங்கள் பெயரில் ஏற்கனவே ரிட்டர்ன் போட்டிருந்தால் இன்றே இதைச் செய்யுங்கள்.

1. இ-ஃபைலிங் தளத்தில் பான் எண் கொடுத்து லாக்இன் செய்யுங்கள்.

2. மை ப்ரொஃபைல் சென்று, கான்டாக்ட் டீடெய்ல்ஸ் பகுதியில் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவர் தன் எண்ணையே கொடுத்திருப்பது மிகச் சாதாரணம். அப்படியானால் 2024ல் வந்தது போன்ற நினைவூட்டல் உங்களுக்கு வந்தே சேராது.

3. இ-ஃபைல் மெனுவில் தாக்கல் செய்த ரிட்டர்ன்களைத் திறந்து, பி.டி.எஃப். டவுன்லோட் செய்யுங்கள். குடியிருப்பு நிலை என்ற இடத்தில் என்ன குறிக்கப்பட்டிருக்கிறது என்று உங்கள் எக்செல் கணக்கோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டில் இருந்த ஆண்டுக்கு ஐ.டி.ஆர்.-1 போடப்பட்டிருந்தால் அது தவறான படிவம்.

4. வருடாந்திரத் தகவல் அறிக்கையையும் திறந்து பாருங்கள். என்.ஆர்.ஓ. வட்டி, நிலப் பரிவர்த்தனை போன்றவை அதில் இருக்கும்.

தவறு தெரிந்தால், காலக்கெடு இருக்கும்போதே திருத்திய ரிட்டர்ன் போட்டுவிடலாம். நோட்டீஸ் வரும் முன் தானாகத் திருத்துவதற்கும், வந்த பின் விளக்கம் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆடிட்டரிடம் போகும் முன்

சிக்கலான விஷயங்களுக்கு ஆடிட்டர் கட்டாயம் வேண்டும். ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள். நாள் கணக்கு பிரிண்ட், எல்லா வங்கிக் கணக்குகளின் பட்டியல், தாக்கல் செய்த ரிட்டர்ன்கள், திரும்பி வந்த தேதிக்கான சான்று ஆகிய நான்கும் இருந்தால் ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும். அவர் சான்றிதழ் ஏதாவது கையெழுத்திட்டுக் கொடுத்தால் அதில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க எண் இருக்கும். அதை பட்டயக் கணக்காளர் கழகத்தின் யு.டி.ஐ.என். தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சோதிக்கலாம்.

முகம் தெரியாத "ஆலோசகர்" யாருக்கும் பாஸ்போர்ட், பான், ஆதார் ஸ்கேன்களைச் செல்போனில் அனுப்பாதீர்கள். இ-ஃபைலிங் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் உங்களிடமே இருக்கட்டும். ஆலோசனை சொன்னவர் யாராக இருந்தாலும், ரிட்டர்னில் இருப்பது உங்கள் பெயர். பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

அடுத்த முறை விடுமுறைக்கு வரும் மகனையோ தம்பியையோ ஒரு மாலை கம்ப்யூட்டர் முன் உட்கார வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டுகளைப் பிரித்து முத்திரைத் தேதிகளை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் டைப் செய்தால், பத்து வருடக் கணக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரே ஒரு வரிசைதான். செய்து பாருங்கள்.